மீன்காரியின் வேன்

லாலின் ஊரில் முதலில் பார்த்தது ரொட்டிக்கடை வேன்.
பின்கதவைத் திறந்ததும் சுட்ட மாவின் மணம்.
அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடலாம் போலிருந்தது.
"பசியோடு வண்டி வாங்காதே" என்றான் பிரெய்ஷோ.
உள்ளே ஏறி மல்லாந்து படுத்தான்.
கதவுக்கு வெளியே நீட்டி நின்றன பாதங்கள்,
விற்பனைக்கு வைத்த ஜோடி போல.

மழையில் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்,
வேறு கனவெல்லாம் இல்லை எங்களுக்கு.
கலீசியாவில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று
தனியாக ஒரு மழை வைத்திருக்கிறார்கள்.
நாங்கள் இருவர், இரட்டைப் பெண்கள், நாய்,
மடக்கு மேஜை,
எண்ணெய் கசியும் எம்பனாடா ஒரு தட்டு.

இரண்டாவது வேன் பூக்கடைக்காரருடையது.
மலர் வளையம் சுமந்த வண்டி. கிலோமீட்டர் குறைவு;
போன இடமெல்லாம் கல்லறைதானே,
ஊருக்குள்ளேயே, மெதுவாக.
ரப்பர் விரிப்பைத் தூக்கி விரலால் அழுத்தினேன்.
தரை பிஸ்கட்டாக நொறுங்கி
கீழே சாலை தெரிந்தது.
கடைக்காரர் வானத்தைப் பார்த்து
"இன்று வெளுத்துவிடும்" என்றார்.

பிரெய்ஷோவிடம் காகிதத்தில் ஒரு பட்டியல் இருந்தது:
டைமிங் பெல்ட், கிளட்ச், டயரின் தேய்மானம்.
என்னிடம் ஒரு பிளாஸ்க் காப்பி.
இன்ஜினை ஓடவிட்டு, மூடியில் விளிம்புவரை ஊற்றி
வேனின் நடுவில் வைப்பேன்.
வட்ட வட்டமாக அலை வந்தால் பரவாயில்லை,
வயதானால் யாருக்கும் அப்படித்தான்.
தாறுமாறாகத் தளும்பினால்
காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.
அந்த மாதம் நிறையக் காப்பி குடித்தேன்.

மல்பிகா துறைமுகத்தில் நின்றிருந்த
ஒப்துலியாவின் வேனில் வட்டமாக வந்தது.
மத்தியும் கணவாயும் ஏற்றி
இருபத்தோரு வருஷம் மலைக் கிராமங்களுக்கு ஓட்டியவள்.
இனிமேல் இடது தோள் ஒத்துவராதாம்.
பிரெய்ஷோ படுத்தான். பாதங்களும் உள்ளே.
நாய் ஏறியது, இறங்க மறுத்தது.
"வாடை?" என்று இழுத்தேன்.
"வினிகர், சோடா மாவு, இரண்டு கோடை" என்றாள்.
நாங்கள் பேரம் பேசுமுன்பே முந்நூறு யூரோ குறைத்தாள்.
சாவியைத் தரும்போது மட்டும்
"ஹார்னை மாற்றிக்கொள்ளுங்கள்" என்றாள்.
நன்றாகத்தானே இருக்கிறது என்றோம்.
தோளைக் குலுக்கினாள், வலிக்காத தோளை.

முதல் ஞாயிறு கடற்கரைக்குப் போனோம்.
மேஜையை விரிக்குமுன் கூரையில் இறங்கின
பதினோரு கடற்காகங்கள்,
பாக்கி வசூலிக்க வந்தவை போல.

அடுத்த ஞாயிறு கடலே வேண்டாமென்று மலைக்கு.
பெயர்ப்பலகையைப் பாசி தின்ற ஓர் ஊர்.
வளைவில் ஒரு கோழி குறுக்கே வர,
அழுத்தினேன், இருமுறை.
கதவுகள் திறந்தன.
ஈரத் தெருவில் ஏப்ரனோடு பெண்கள்,
செருப்பு மாறிப்போட்ட ஒருவர்,
எல்லோர் கையிலும் தட்டு.
எங்கிருந்தோ ஆறு பூனைகள்.

"ஒப்துலியா எங்கே?"
வண்டியை விற்றுவிட்டாள் என்றேன்.
"மத்தி?"
இல்லை.
"பிறகு எதற்கு ஹார்ன்?"

இதற்கு என்ன பதில் சொல்வது?
கோழியைக் காட்டினேன். கோழியும் போய்விட்டது.
அதற்குள் ஞாயிற்றுக்கிழமையின் மழை.
பக்கக் கதவை முழுக்கத் தள்ளினான் பிரெய்ஷோ.
எத்தனை பேர் ஏறினார்களோ தெரியாது;
ஒருத்தி சக்கர மேட்டின்மேல், என் பெண்கள் மேஜைக்கடியில்.
எம்பனாடாவை மெல்லிதாக, இன்னும் மெல்லிதாக அறுத்தேன்.
தட்டுக்கு மட்டும் பஞ்சமில்லை.

சக்கர மேட்டில் உட்கார்ந்தவள் மென்று முடித்து,
"உப்புக் குறைவு" என்றாள்.
பிறகு பர்ஸைத் திறந்து
என் உள்ளங்கையில் சில்லறையை எண்ணினாள்:
"அரைக் கிலோ மத்தி. சின்னதாக இருக்கட்டும்.
அடுத்த வாரம்தானே?"

நான் பிரெய்ஷோவைப் பார்த்தேன்.
அவன் பட்டியலைத் திருப்பிப் போட்டு
எழுத ஆரம்பித்திருந்தான்.