அறுநூற்றுப் பதினேழாவது லாரி

எல்லைவரை நிலக்கரி லாரிகள்.
கோபியின் பனிக்காற்றில் நான் அறுநூற்றுப் பதினேழாவது.
இன்ஜினை அணைத்தால் டீசல் உறையும்,
அணைக்காவிட்டால் தீரும்.
போனை மட்டும் யாரும் அணைப்பதில்லை.

ஓட்டுநர் குழுவில் எந்நேரமும் ஒரே புலம்பல்:
வரிசை நகர்ந்ததா, யாரிடமாவது ஜாக்கி இருக்கா,
எடைமேடை மறுபடி கெட்டுப்போச்சு.
யாரோ ஒருவன் ஆட்டுக்கறி சூப்பைப் படமெடுத்துப் போட்டு
பட்டினி கிடப்பவர்களை வெறுப்பேற்றுவான்.

நடுவில் ஹொங்கோர்சுல் வந்தாள்,
பூரெவின் மனைவி. அவன் எண்ணிலிருந்தே,
அவன் முகப்படத்தை மாற்றாமல்.
செத்தவன் பேசுகிறான் என்று ஒரு கணம்
ஈரக்குலை நடுங்கியது.

காணொளியில், சட்டை தூக்கிய வயிறு. மேலே பளபளக்கும் களிம்பு.
"என் வயிறுதான். இதில் வெட்கமென்ன,
உங்களில் பாதிப்பேருக்கு இதைவிடப் பெரிது.
பத்து நிமிடம். வலிக்காது, குளிரும்.
ரத்தத்தில் பி வைரஸ் இருப்பது
பூரெவுக்கு முன்பே தெரியும்.
ஆறு மாதத்துக்கொருமுறை வரச் சொன்னார்கள்.
ஒவ்வொரு ஆறாம் மாதமும் அவன் வரிசையில் இருந்தான்."

எழுபது இதயங்கள். ஓர் அசட்டு ஜோக்,
அதன் கீழேயே மன்னிப்பு.
நான் ஒன்றும் போடவில்லை.
போட்டால் தெரிந்துவிடும்.
ராணுவத்தில் சேர்ந்தபோது எடுத்த ரத்தச் சோதனைத் தாள்
டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது,
வண்டிக் காப்பீட்டுக்கு அடியில்.
காப்பீட்டை வருடாவருடம் புதுப்பிக்கிறேன்.

பதினோரு தடவை பார்த்தேன், ஒலியில்லாமல்.
நான் மறைத்ததை என் கட்டைவிரல் மறைக்கவில்லை.
மறுநாளே போன், கேட்காமலே,
கல்லீரல் கல்லீரலாய்க் கொண்டுவந்து கொட்டியது:
பொடி விற்பவன், கரடிப் பித்தம் விற்பவன்,
நடுவே மறுபடி அவள் வயிறு.

எங்கள் பேச்சில் ரத்த உறவை
ஈரல் உறவு என்போம்.
தம்பி டம்பாவும் நானும் ஒரே தாய் வயிறு.
எனக்கு அவளிடமிருந்து வந்தது என்றால்

சுமை இறக்கித் திரும்பும் வழியில்
தலன்சத்காத்துக்கு வண்டியைத் திருப்பினேன்.
குளிர்ந்தது, உண்மைதான்.
"குடிப்பீர்களா?"
"வரிசையில் மட்டும்."
சிரித்த பெண் திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.
சாம்பல் திரையில் எதையோ அளந்தாள்.
மறுபடி அளந்தாள்.
எட்டு மில்லிமீட்டர்.
"என்னவென்று இப்போதே சொல்ல முடியாது.
மூன்று மாதத்தில் கட்டாயம் வரணும்."
அவள் தேதி எழுதிய சீட்டை
காப்பீட்டுக்கு மேலே வைத்தேன்.

குழுவில் சொல்ல வாய் வரவில்லை.
ஹொங்கோர்சுலின் காணொளிக்குப் போய்
ஓர் இதயம் போட்டேன்,
எழுபத்தோராவது. கை நடுங்கியது.

டம்பா இன்னும் எல்லைக்கு இந்தப்பக்கம்,
தொள்ளாயிரத்து மூன்றாவது.
ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இடக்குறியை அனுப்பி,
டீக்கடைக்கோ பங்க்குக்கோ நாங்கள் எழுதுவதுபோலவே எழுதினேன்:
இங்கே வரிசை குறைவு.

பார்த்துவிட்டான்.
எழுதுகிறான். மூன்று புள்ளிகள்.
நின்றன.
மறுபடி.
இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.