பூஜ்யம் ரூபாய்

நாற்பத்தேழு நாள்.
நாளுக்கு நானூற்றுப் பத்து.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்:
பத்தொன்பதாயிரத்து இருநூற்று எழுபது.

காவேரிப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம் மாங்கூழ் கம்பெனி.
பெங்களூரா லாரி லாரியாக வந்து இறங்கும்.
காம்பு நறுக்கும் மேசையில் நான் நாலாவது ஆள்,
ஷாஹீன்தாஜ் ஐந்தாவது.
காம்புப் பால் பட்டுப் பட்டு
விரல் ரேகை வெந்து போனது.
வாசலில் இருந்த கைரேகை மெஷின்
தினமும் என்னை யாரென்று கேட்டது.
"போம்மா, நான் எழுதிக்கிறேன்" என்பார்
மேஸ்திரி சென்னப்பன்.
எழுதினார்.
எதில் என்று நான் கேட்கவில்லை.

சீசன் முடிந்தது.
சென்னப்பன் போன் முதலில் அடித்தது,
பிறகு பிஸி,
பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை.
"நீங்க எங்க ஆளே இல்லையே" என்றார்
கேட் இடுக்கில் வாட்ச்மேன்,
போன மாதம் வரை
என்னிடம் வெத்தலை வாங்கிப் போட்டவர்.

கிருஷ்ணகிரி. தொழிலாளர் துறை ஆபீஸ்.
மாடியில் மூன்றாவது கதவு.
வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதினால் போதும் என்றார்கள்.
அதிகாரி அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"வேலை பார்த்ததுக்கு ஏதாவது அத்தாட்சி?"

பருப்பு டப்பாவைக் கவிழ்த்தேன்.
மகளிர் இலவசப் பேருந்துச் சீட்டுகள்.
நாகோஜனஹள்ளியில் ஏறி
கம்பெனி ஸ்டாப்பில் இறங்கியது,
தேதி, காலை ஆறு நாற்பது,
கட்டணம் 0.00.
நாற்பத்தாறு இருந்தது.
ஒரு நாள் பஸ் வரவில்லை, நடந்தேன்.
நடந்ததற்கு யார் சீட்டு தருவார்கள்?

அத்தாட்சிக்கென்று சேர்த்ததில்லை.
பின்பக்கம் வெள்ளையாக இருக்கும்,
பால் கணக்கு எழுதத்தான்.
பாதிக்கு மேல் முன்பக்கம் வெளுத்துவிட்டது,
பால்காரர் கணக்கு மட்டும் பளிச்சென்று நின்றது.
ஷாஹீன் கெட்டிக்காரி,
தன்னுடையதையெல்லாம் அப்போதே ஜெராக்ஸ் எடுத்திருந்தாள்,
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்து.

அந்த அம்மா ஒவ்வொன்றாக
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்து
தேதி வாரியாக அடுக்கினார்.
"மேஸ்திரி கொடுக்கலேன்னா கம்பெனி கொடுக்கணும்.
சட்டம் அப்படித்தான்" என்றார்,
அடுத்த பஸ் எத்தனை மணிக்கு
என்று சொல்வது போல.
எனக்குத்தான் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கையெழுத்தா, கைநாட்டா?
கைநாட்டு வேண்டாம் மேடம்.
மு. பச்சையம்மாள் என்று எழுதினேன்,
'ள்' பெட்டிக்கு வெளியே போய்விட்டது.

முதல் வாய்தாவுக்குக் கம்பெனி வரவில்லை.
இரண்டாவதுக்கு ஒரு வக்கீல் வந்து
வேறு தேதி கேட்டார்.
அடுத்தது பதினாலாம் தேதி.

திரும்பும் டவுன் பஸ்ஸில்
கண்டக்டர் சீட்டைக் கிழித்து நீட்டினார்.
"ஃப்ரீ சீட்டுதானே, கீழே போட்டுடும்மா."

மடித்துச் சுருக்குப்பையில் வைத்தேன்,
எழுத்து உள்பக்கமாக,
வெயில் படாமல்.