தொலைக்காத சாவி

ஓஸ்ட்ராவாவில் எங்கும் பனி நிற்கும்,
எமாவின் மேல் மட்டும் நிற்காது.
சுரங்கங்கள் கக்கிய கழிவு குவிந்து
மலையென்று பெயர் வாங்கிய மேடு.
வயிற்றுக்குள் இன்னும் எரிகிறது.
நவம்பரிலும் அங்கங்கே புல் பச்சை,
பிளவுகளில் அழுகிய முட்டை வாடை,
அதிக நேரம் உட்கார்ந்தால்
கால்சட்டை வழியே சூடு ஏறும்.

வெந்துலா நான்காம் முறை எண்களை வாசித்தாள்:
வடக்கே நாற்பத்தொன்பது பாகை, ஐம்பது கலை,
கிழக்கே பதினெட்டு, மறுபடி பதினெட்டு,
புள்ளிக்கு அப்புறம் மூன்று இலக்கம்.
அந்த மூன்றில்தான்
எங்கள் சனிக்கிழமை கரைந்துகொண்டிருந்தது.

செல்போன் சொன்னது: நான்கு மீட்டர்.
இரண்டடி நகர்ந்தால்: ஒன்பது.
அசையாமல் நின்றால்: ஏழு.
தலைக்கு மேல் அத்தனை செயற்கைக்கோள்கள்,
ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை அறுந்த
சம்பந்திகள் மாதிரி.

ஒளித்தவர் விட்டுவைத்த குறிப்பு: 'வெள்ளைத் தோல்.'
சுற்றிலும் பிர்ச் மரங்கள். முந்நூறாவது இருக்கும்.
ஸ்பினெக் டிராம் பணிமனையில் இரவு வேலை முடித்து
அப்படியே வந்திருந்தான்.
ஒவ்வொரு மரத்தையும் தட்டித் தட்டிப் பார்த்தான்,
தர்பூசணி வாங்குகிறவனைப் போல.

அப்போதுதான் ஆரஞ்சு மேற்சட்டைக்காரர் ஏறி வந்தார்,
முன்னால் ஒரு குட்டைக்கால் நாய்.
"என்ன தொலைஞ்சுது?"

விளையாட்டுக்கு ஒரு விதி உண்டு:
தெரியாதவர் கண்ணில் பெட்டி படக்கூடாது.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.
"சாவி."

"எந்த மாதிரி?"
"சின்னது" என்றான் ஸ்பினெக்.
"நீளமா" என்றாள் வெந்துலா, அதே நொடியில்.
"அப்போ ரெண்டு" என்றார் அவர்.
ரெண்டுதான் என்றோம்.

போய்விடுவார் என்று நினைத்தோம்.
அவரோ நாயை ஒரு மரத்தில் கட்டினார்,
கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்தார்,
ஈர மண்ணில் முழங்கால் ஊன்றினார்.
"வீட்டுக்கு வெளியே நிக்கிற குளிர் எனக்குத் தெரியும்."
அவ்வளவுதான் சொன்னார்.
யார் வீடு, யார் பூட்டியது,
நாங்களும் கேட்கவில்லை.

நாற்பது நிமிடம்.
இல்லாத ஒன்றை அவர் தேடினார்;
இருக்கிற ஒன்றைத் தேடுவதை விட்டுவிட்டு
நாங்களும் அதையே தேடினோம்.
இடையில் இரண்டு முறை நாயை அதட்டினார்:
"பூப்லினா, தோண்டாதே!"

பிறகு, "இதோ!"

கரி அப்பிய உள்ளங்கையில்
உண்மையாகவே ஒரு சாவி.
சைக்கிள் பூட்டுடையதாக இருக்கலாம்,
பல்லெல்லாம் துரு.
பேந்தப் பேந்த விழித்தோம்.
முதலில் சுதாரித்தது வெந்துலா.
"இதேதான்" என்றாள். குரல் கொஞ்சம் கம்மியது.
"இன்னொண்ணு?"
"அது போனால் போகட்டும்."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை
நேராகப் பார்க்க முடியாமல்
நான் நாயைப் பார்த்தேன்.
நாயின் முன்னங்கால்களுக்கு நடுவே,
பறித்த மண்ணில்,
பச்சை மூடியின் ஓர் ஓரம்.

ஸ்பினெக்கின் காலை மிதித்தேன்.
வாரை அவிழ்த்தார், கைகுலுக்கினார்,
எங்கள் கைகளும் கரியாயின.
ஆரஞ்சு நிறம் சரிவில் இறங்கி மறையும்வரை
மூவரும் சாவியைத் தொலைத்து மீட்டவர்களாகவே நின்றோம்.
சிரிப்பு வருமென்று காத்திருந்தோம்.
ஸ்பினெக்குக்கு மட்டும் கொஞ்சம் வந்தது.

பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் டைனோசர்,
ஒரு போலந்து நாணயம், பென்சில் துண்டு,
பாலிதீன் உறைக்குள் சுருட்டிய தாள்.
கடைசிப் பெயர் ஜூன் மாதத்தது.
எதையாவது எடுத்தால் எதையாவது வைக்க வேண்டும்:
டைனோசரை எடுத்தோம், சாவியை வைத்தோம்.

தாளில் யார் முதலில் எழுதுவது என்று
எப்போதும் சண்டை வரும். அன்று வரவில்லை.
கண்டது யாரோ அவள் பெயரை
வெந்துலா முதலில் எழுதினாள்: பூப்லினா.
அடுத்த வரியில் அவருடைய பெயரை எழுதப் போய்
பென்சிலை நிறுத்திக்கொண்டாள்.
யாருக்கும் தெரியவில்லை.
அந்த வரியை அப்படியே விட்டு
அதற்குக் கீழே நாங்கள் மூவர்.

திரும்பும் டிராமில் எங்கள் காலணிகள்
கந்தகம் நாறின.
எதிர் இருக்கைக்காரி ஜன்னலைத் திறந்தாள்.
ஸ்பினெக் தூங்கிப்போனான்,
டைனோசர் அவன் கைக்குள்.