கழித்தல் குறி

எளாவூரில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் தடா.
நடுவில் எங்கேயோ கோடு இருக்கிறதாம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
பெயர்ப்பலகையில் எழுத்துகள் உருண்டை பிடிப்பதும்
டீ இரண்டு ரூபாய் குறைவதும்தான்.

பயிற்சிக் கூடத்தில் ஒரு கூண்டு.
மஞ்சள் கம்பி. உள்ளே ஆறு மூட்டுள்ள கை.
தோள் உண்டு, முழங்கை உண்டு,
மணிக்கட்டு மூன்று விதமாய்த் திரும்பும்.
முகம் இல்லாததால்
முதல் வாரம் அதை எங்கே பார்ப்பதென்று
தெரியவில்லை எனக்கு.

பெண்டன்ட்டின் முதுகில் ஒரு பொத்தான்.
விட்டால் கை நின்றுவிடும்.
பயந்து இறுக்கினாலும் நின்றுவிடும்.
பாதி அழுத்தத்தில் மட்டும் நகரும்.
அந்தப் பாதியைப் பிடிக்க
வெங்கடமுனிக்கு நான்கு நாள்.
சிமெண்ட் மூட்டை இறக்கிய விரல்கள் அவனுக்கு,
எதையும் முழுசாகப் பிடித்தே பழக்கம்.
எனக்கு அரை மணி நேரம்.
ப்ளஸ் டூ முடித்து இரண்டு வருடம்
இறால் ஷெட்டில் ஓடு உரித்தேன்.
அழுத்தினால் சதை நசுங்கும், விட்டால் வழுக்கும்.
எங்கே கற்றாய் என்று
இங்கே யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் தேர்வு.
தட்டிலிருந்து பதினாறு பித்தளை வளையங்களை எடுத்துத்
தண்டில் கோக்க வேண்டும், தொண்ணூறு நொடியில்.
ஒவ்வொரு புள்ளியாகச் சொல்லிக்கொடுத்தேன்.
கதவைப் பூட்டி, வெளியே வந்து,
நேராக முழு வேகம்.

ஒன்பதாம் வளையம்.
மேலேற வேண்டிய கை கீழே இறங்கியது.
தயக்கமே இல்லாமல் இறங்கியது,
நான் சொன்னபடியே.
கிரிப்பரின் விரல் ஒன்று மடங்கிய சத்தம்
சின்னதுதான், டம்ளர் விழுந்த அளவு.
சிவப்பு விளக்கு. சைரன். பிறகு
பதினெட்டுப் பேரின் மௌனம்,
தெலுங்கிலும் தமிழிலும்.

படிவம் வந்தது. அதில் 'காரணம்' என்றொரு கட்டம்.
'என் கவனக்குறைவு' என்று எழுதினேன்.
பத்மஜா திருப்பித் தந்தாள்.
எங்கள் பயிற்றுநர்,
என்னைவிட ஏழு மாதம் இளையவள்,
சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருபவள்.
'இதி காரணம் காது' என்றாள்.
மூன்று மாதம் ஆகியும்
அவர்களுடைய 'காது' கேட்டால்
என் கை என் காதுக்குத்தான் போகிறது.
'என் அவசரம்' என்று மாற்றினேன். அதுவும் காது.
'மன்னிக்கவும்' எழுத
அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

ஷெட்டில் ஒரு பெட்டி கவிழ்ந்தால்
திட்டு எங்கள் தெருவின் பெயரில் தொடங்கும்.
இங்கே யாரும் திட்டவில்லை.
திட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

நிரலை வரிவரியாகப் பின்னோக்கி ஓட்டினோம்,
நானும் வெங்கடமுனியும்.
டப்பாவில் சோறு ஆறிப்போனது.
நூற்றுப் பன்னிரண்டாம் வரி:
இசட் முப்பது.
முப்பதுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இல்லை.
அவ்வளவுதான்.
சீரகத்தைவிடச் சின்னது.

எழுதினேன்:
'வரி 112. கழித்தல் குறி விடுபட்டது.
மெதுவேக ஓட்டம் செய்யப்படவில்லை.'
அந்த வாக்கியங்களில் நான் இல்லை.
இருபது வருடத்தில்
என்னை விட்டுவிட்டு என் தப்பை மட்டும்
யாரும் எழுதிப் பார்த்ததில்லை.
பத்மஜா கையெழுத்துப் போட்டாள்.
வளைந்த விரலைக் கழற்றிப் பழைய டப்பாவில் போட்டாள்;
அதில் ஏற்கெனவே பதினொன்று கிடந்தன.
நாளை மறுதேர்வு,
ஒன்பதிலிருந்து அல்ல, ஒன்றிலிருந்து.

ஆறு இருபது வண்டி. நெரிசல்.
தலைக்குமேல் தொங்கும் கைப்பிடியைப்
பாதி அழுத்தத்தில் பிடித்திருக்கிறேன் என்று
ஆரம்பாக்கத்தில் வண்டி குலுங்கி
பக்கத்து அக்காவின் பூக்கூடைமேல்
சாய்ந்தபோதுதான் தெரிந்தது.
'ஒழுங்கா பிடிச்சுக்கோம்மா' என்றாள்.