கடைசி இலக்கம்

ஒன்பதரைக்கே கரண்ட் போய்விட்டது முரசுமோட்டையில்.
பத்து மணிக்குத்தான் என்று அறிவித்திருந்தார்கள்.
பெட்டியைத் திறக்க எனக்கு அதுவே வசதி.

உமித்தூசியைத் தூரிகையால் தட்டினேன்.
உள்ளே கொதிகலனின் கட்டுப்படுத்தி,
பொலநறுவையில் ஓர் ஆலை கழற்றி விற்றது.
நெற்றியில் யாரோ பேனையால் எழுதிய சிங்கள எழுத்து
இத்தனை ஆவியிலும் அழியவில்லை.
அதற்கு ஒரே வாய், ஒன்பது ஊசி.
ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் கதைக்கும்,
எழுத்தெழுத்தாக,
எச்சில் தொட்டுக் காசு எண்ணுகிறவர் மாதிரி.

இதை ஈதர்நெற்றில் சேர்க்கச் சொல்லித்தான்
வவுனியாவிலிருந்து என்னைக் கூப்பிட்டார் முதலாளி அமிர்தநாயகம்.
கொதிகலன், உலர்த்தி, கிணற்றடிப் பம்பு
மூன்றும் ஒரு திரையில் வேண்டுமாம்.
மகன் ஸ்காபரோவில் இருந்து போனில் பார்க்கவும் வேண்டுமாம்.
அந்தக் கதவை நான் திறக்கமாட்டேன் என்றேன்.
"அவன் பார்க்க மட்டுந்தான் பிள்ளை."
எல்லோரும் முதலில் பார்க்கத்தான் வருகிறார்கள்.

கிணறு இருநூற்றெண்பது மீற்றர்.
செம்புக்கம்பி நூறு தாண்டினால் சொன்னதை மறக்கும்.
ஆகவே கண்ணாடி இழை, அதற்கொரு கான்,
கான் வெட்ட மரியசீலி.

ஆறு வருடம் கண்ணிவெடி எடுத்தவள்.
காணி துப்புரவானது என்று கடதாசி இருக்கிறது, முத்திரையோடு.
அவள் அதைக் கேட்கவுமில்லை,
நிலத்தை மேலிருந்து கொத்தவுமில்லை.
பக்கவாட்டில் வருகிறாள்,
மண்ணிடம் சொல்லிச் சொல்லி எடுப்பதுபோல.

"வயர்" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை.
ஆனாலும் மூட்டை தூக்கியவர்கள்
மூட்டையோடு நின்றார்கள்.
குப்புறப் படுத்து, கையை நீட்டி,
என் தூரிகையை வாங்கினாள்.

கறுப்பு. இரட்டைப் புரி. தொலைபேசிக் கம்பி.
எந்தப் பக்கத்தவர்கள், எவரைக் கூப்பிட,
என்னத்தைக் கேட்க.
நுனியைச் சுரண்டிச் சோதனைக் கருவியில் கொழுவினேன்,
தொழில் பழக்கம்.
அறுபத்தொரு மீற்றரில் முறிவு என்றது.
அறுபத்தொன்றென்றால் நெல் காயவிடும் புதுத்தளத்தின் அடி,
ஆறங்குலச் சீமெந்து.

"வெட்டி எறியுங்கோ அக்கா.
பேந்து கிண்டுறவையும் இப்பிடி நிக்க வேணுமே?"

வெட்டினோம்.

மூன்று மணிக்குக் கரண்டும் திரையும் வந்தன.
கொதிகலனைக் கேட்டால் உலர்த்தி பதில் சொல்கிறது.
அமுக்கம் இருக்க வேண்டிய கட்டத்தில் நாற்பத்திரண்டு.
அடுத்த கணம் சரி.
அதற்கடுத்த கணம் யாருமே இல்லை.

பிழை என்னுடையது.
நான் பூட்டிய மாற்றிப் பெட்டிகள் இரண்டும்
தொழிற்சாலையில் ஒரே விலாசத்தோடு பிறந்தவை.
மாற்ற மறந்துவிட்டேன்.
முதலாளிக்கு விளங்கப்படுத்தினேன்:
முன்பகுதி எல்லோருக்கும் பொது, அது ஊர் மாதிரி,
கடைசி இலக்கம்தான் ஆள்,
ஒரு ஊருக்குள் அந்த இலக்கத்தில் ஒருவர்தான் இருக்கலாம்.
அவர் தலையாட்டிய விதத்தில் ஒன்றும் ஏறவில்லை.

பைப்படியில் மண்வெட்டி கழுவிய மரியசீலி சொன்னாள்:
"முகாமில எங்களுக்குப் பதின்மூண்டாம் கூடாரம்.
ஒவ்வொரு வலயத்திலயும் ஒரு பதின்மூண்டு இருந்தது.
அங்காலப் பக்கத்துப் பதின்மூண்டுக்கு வந்த பால்மா
ஒருக்கா எங்களிட்ட வந்திட்டுது.
குடிச்சு முடிஞ்சு ரெண்டாம் நாள்
தேடிக்கொண்டு வந்தா ஒரு மனுசி, பிள்ளையோட."

பிறகு?

"பிறகென்ன, பேணியைக் காட்டினன்."

ஒருவரும் கதைக்கவில்லை. லொறி ஒன்று பின்னுக்கு வந்து
தவிட்டு மூட்டைகளில் முட்டாமல் நின்றது.

கொதிகலனுக்குப் பதினொன்று கொடுத்தேன்.
உலர்த்திக்குப் பன்னிரண்டு.
பம்புப் பெட்டியின் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு
அவளைப் பார்த்தேன்.

"குடுங்கோ," என்றாள். "தண்ணிதானே."

பதின்மூன்றைக் கூப்பிட்டேன்.
இரண்டு மில்லி செக்கனில் ஓம் என்றது.
கிணற்றில் நாலேகால் மீற்றர்.