தேறல், பதினான்காம் மாடி

பெட்டியை வாங்கியவன் நீ.
பிரித்தவனும் நீ.
பாகு டின்னை வெந்நீரில் நிறுத்தி,
மூடிக்கடியில் ஈஸ்ட் பொட்டலம் தேடி,
வாளிக்குள் கரண்டி சுழற்றிப் பாடிக்கொண்டிருந்தாய்.
நான் துவைத்த துணிகளை
மூங்கிலில் கோத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அழைப்பு வந்தது.
புருணை பக்கம், எண்ணெய் மேடை, ஆறு வாரம்.
காலணியைக் கட்டிக்கொண்டே சொன்னாய்:
"இருபது டிகிரி, சாரு.
அதைத் தாண்டவே கூடாது."

அந்தத் தாளை எழுதியவன் ஊரில்
குழாயைத் திறந்தால் குளிர்நீர் வரும் போல.
செங்காங்கில்
எட்டு மணி நேரம் கேட்கும் இட்லி மாவு
ஐந்தில் பொங்கி மேடையில் வழியும்.
முப்பத்தொன்று காட்டியது வாளி.
ஈரத்துண்டு சுற்றினேன்.
ஐஸ் புட்டிகள் காலையில் மூன்று,
வேலை முடிந்து வந்து மூன்று.
என் பக்கம் இருந்த மின்விசிறியையும் திருப்பினேன்.
காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் போல என்று
எழுத வந்தது.
நமக்கு அந்த உவமை வேண்டாம்.

வைத்த இடம் பாம் ஷெல்டர்.
சன்னலில்லை, வெயிலில்லை,
சாண் தாண்டிய சுவர், இரும்புக் கதவு.
அரிசி மூட்டை, உன் சைக்கிள், என் தையல் இயந்திரம்,
நடுவில் இருபத்துமூன்று லிட்டர்.

இரண்டாம் இரவு அது பேசத் தொடங்கியது.
குளுக்.
எண்ணி ஆறு நொடி.
குளுக்.
நீ அழைத்தாய்: "சத்தம் வருதா?"
வளைந்த குழாயருகே போனைப் பிடித்தேன்.
கடலில் நீ, இருட்டில் அது,
இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டீர்கள்.
கை வலித்தது. மாற்றிப் பிடித்தேன்.
"நல்லா இருக்கு" என்றாய்.
நானும் இருக்கிறேன் என்பதற்குள்
தொடர்பு போயிற்று.

பத்தாம் இரவு நிமிடத்துக்கு ஒன்று.
பிறகு அந்த அறையில்
மூச்சு விட்டது நான் மட்டும்.

மிதவையை இறக்கிப் பார்க்க வேண்டும்;
இரண்டு நாள் ஒரே எண் நின்றால்தான் புட்டி.
ஒரு நாள்தான் பார்த்தேன்.
பகலெல்லாம் ஆய்வகத்தில்
அடுத்தவர் ரத்தத்துக்கு எண் சரிபார்ப்பவள்,
வீட்டில் ஒன்றை நம்பக் கூடாதா?
புட்டிக்கு ஒரு சர்க்கரை வில்லை என்றது தாள்.
இரண்டு போட்டேன்.
ஏன் என்று கேட்டால்
கைத்தவறு என்பேன்.

அதிகாலை மூன்று பத்து.
முதலில் ஒன்று.
பிறகு இரண்டு, சேர்ந்து.
பிறகு ஒன்று, யோசித்து.
குண்டுக்குப் பயந்து கட்டிய அறை
குண்டுகளை உள்ளே வைத்து வீட்டைக் காத்தது.

எதிர்வீட்டு மிஸ்டர் கோ அரைக்கால் சட்டையில் நின்றார்.
"கேஸா?"
பீர், என்றேன்.
மூக்கை உயர்த்திப் பார்த்தார்.
திரும்பிப் போய் விளக்குமாறோடு வந்தார்.
மாதம் முப்பது லிட்டர் வரை காய்ச்சலாம் என்று
ஏனோ அவரிடம் சட்டம் சொன்னேன்.
"இப்போது குறைந்துவிட்டது" என்றார், சிரிக்காமல்.
தையல் இயந்திரத்துக்குள் கண்ணாடித் தூள்.
உன் சைக்கிள் இருக்கையில் நுரை.

மீந்தவற்றின் மூடிகளை
நெம்பி நெம்பி வாயுவை விட்டேன்,
கோபக்காரர்களோடு பேசுவதுபோல்.
குளிர்பெட்டியில் பத்து நாள்.
வண்டல் கீழே போயிற்று.
தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பேர்,
பள்ளியில் படித்தது.
தேறியும் விட்டேன் அந்தப் பரீட்சையில்.
தேறுவதென்றால் தெளிவதா, பிழைத்துக்கொள்வதா,
அன்று எவரும் கேட்கவில்லை.

ஒரு குவளை கோவுக்கு.
"புளிக்குதே" என்றபடி காலி செய்தார்.
ஒன்று எனக்கு, விளக்கணைத்து,
கீழே கடைசி எல்ஆர்டி
ஆளில்லாமல் வளைந்து போகையில்.
ரொட்டி வாசம். அதன்மேல் வாழைப்பழ வாசம்,
வெக்கை தந்தது,
தாளில் குற்றம் என்று போட்டிருந்தது.
எனக்குப் பிடித்திருந்தது.

நேற்று அழைத்தாய்.
"எத்தனை மிச்சம்?"
இரு, எண்ணிச் சொல்கிறேன் என்று
போனை மேசைமேல் வைத்துவிட்டு
இன்னொன்றைத் திறந்தேன்.
அந்தச் சத்தம்
உனக்குக் கேட்டிருக்கும்.