காற்றுக்கு மறைவாக

பதினேழு வருஷம் பந்தயம் ஓட்டினேன்.
எத்தனை என்று கேட்டால் எண்பத்து மூன்று என்பேன்,
நாலைந்து கூடக் குறைய இருக்கலாம்.
ஜெயித்தது ஒன்று.

மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல்
எல்லாம் கழற்றி மொட்டையடித்த ஹெர்குலிஸ்.
ஹேண்டிலைக் குப்புறத் திருப்பிப் பூட்டித் தந்தவன்
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த சாகுல்.
வாரத்தில் ஆறு நாள் அதே சைக்கிளில்
உரக் கிடங்குக்குப் போவேன்,
யூரியா மூட்டைகளை எண்ணி எழுத.
சனிக்கிழமை ராத்திரி செயினுக்கு எண்ணெய் விட்டால்
அது பந்தய சைக்கிள்.

எங்கள் பக்கம் மேடு கிடையாது.
தண்ணீரே யோசித்துத்தான் ஓடும்.
அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு,
இந்தப் பாலங்கள் ஏறி இறங்கினால் மலை முடிந்தது.
மற்றபடி மலை என்றால் காற்றுதான்.
தை மாசத்து வாடையில்
திருத்துறைப்பூண்டியில் புறப்பட்டு
வேளாங்கண்ணிக்கு மிதித்துப் பாருங்கள்.
உச்சியே வராத ஏற்றம்.
திரும்பும்போது சைக்கிளோடு சேர்த்து
லாரியில் ஏற்றிவிடுவார்கள்,
அதனால் இறக்கமும் இல்லை.

ஆகவே ஒருவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன்.
அவன் பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும்
ஒரு சாண்.
அந்த ஒரு சாணில் காற்று கிடையாது.
நான் மனிதர்களைப் படித்தது அங்கே இருந்துதான்.
வைரக்கண்ணுக்கு இடது தோள் சற்று இறக்கம்.
டெய்லர் அந்தோணிராஜ் களைத்தால் கழுத்தைச் சொறிவான்.
கோட்டூர் மாலிக்குக்கு இடது காது மட்டும்
வெளியே விடைத்திருக்கும்,
பிடரியில் குறுக்கே இரண்டு மடிப்பு.
அவன் பனியனில் உப்பு பூத்து வரும்,
வேதாரண்யத்துப் பாத்திபோலக் கட்டம் கட்டமாக.
முகங்களைப் பரிசு கொடுக்கும்போதுதான் பார்ப்பேன்.
தலை சீவி, பவுடர் போட்டு
வேறு ஆட்களாக நிற்பார்கள்.

தொண்ணூற்றாறு, தை கடைசி ஞாயிறு.
மற்றவர்கள் அடப்பாற்றிலேயே கழன்றுவிட்டார்கள்.
மாலிக் முன்னால், நான் மறைவில்.
ரோட்டில் பாதி சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தது.
மீதிப் பாதியில்
நாங்கள் இரண்டு பேரும் வாடையும்.
அரிச்சந்திரா நதிப் பாலத்தில் ஏறும்போது
முழங்கையை ஆட்டினான்.
நீ வா, கொஞ்ச நேரம் நீ இழு என்று அர்த்தம்.
"முடியலப்பா, கெண்டைக்கால் பிடிச்சிக்கிச்சு" என்றேன்.
பிடிக்கவில்லை.
அந்தப் பெயருள்ள ஆற்றின் மேல் நின்று,
நின்றுகூட இல்லை, மிதித்துக்கொண்டே சொன்னேன்.

அவன் பதில் பேசவில்லை.
வெள்ளையாறு வரை திரும்பியும் பார்க்கவில்லை.
வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தான்.
எனக்காக.

ஆர்ச்சுக்கு இருநூறு அடி இருக்கையில்
வலது பக்கமாக வெளியே வந்தேன்.
காற்று முகத்தில் அறைந்தது.
அரை சக்கரத்தில் ஜெயித்தேன்.

எவர்சில்வர் அண்டா கொடுத்தார்கள்.
பெயர் வெட்டியதில் இனிஷியல் தப்பு.
பூங்கோதை இன்றைக்கும் இட்லி அரிசி ஊறப்போடுவது அதில்தான்.
"ஜெயிச்ச அண்டாவ எடுங்க" என்பாள்,
ஒவ்வொரு முறையும்,
ஒன்றும் தெரியாமல்.

போன மாசம் திருவாரூர் ஆஸ்பத்திரியில்
முட்டி வலிக்காகக் காத்திருந்தேன்.
முன்பெஞ்சில் ஒரு முதுகு.
வெள்ளைச் சட்டை, நரைத்த பிடரி,
குறுக்கே இரண்டு மடிப்பு,
விடைத்த காது.
முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது.
பெயர் தொண்டை வரை வந்தது.
கூப்பிட்டால் திரும்புவான்,
திரும்பினால் என்ன சொல்வது?

அவனுக்கு எதிரே ஒரு ஸ்டாண்டு ஃபேன்.
நல்ல காற்று.
என் வரைக்கும் வரவில்லை.
இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள்.
மெதுவாக எழுந்து
வலது காலை இழுத்துப் போட்டு உள்ளே போனான்.
ஃபேன் நேராக என் முகத்தில் வீசியது.